காணாமல் போன ஆறுகள்

எங்கள் தொழிற்சாலையில் ஸ்கூட்டர் பிரேக்குக்குள் போகிற பிஸ்டனைக் கடைந்தெடுக்கிறார்கள். சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். அதன் குறுக்களவைச் சரிபார்ப்பது பதினோரு வருடமாக என் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு மைசூரில் இப்படி ஒரு நாற்காலி கிடைத்ததே பெரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

டயலில் முள் பூஜ்யத்தில் நின்றால் அளவு சரி. பத்து மைக்ரான் கூடலாம், பத்து குறையலாம். அதைத் தாண்டினால் சிவப்புத் தட்டில் போட்டுவிட வேண்டும். மைக்ரான் என்பது தலைமுடியை நீளவாக்கில் பல பத்துத் துண்டாகப் பிளந்தால் அதில் ஒரு துண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிக் கவலைப்படத்தான் எனக்குச் சம்பளம். கேட்டைத் தாண்டிய பிறகு சும்மாவே படுவேன். அக்ரஹாரத்துத் திருப்பத்தில் ஏதாவது ஸ்கூட்டர் கிறீச்சென்று நின்றால், உள்ளே இருப்பது நான் பார்த்த பிஸ்டனோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவள் எதிரில்தான் அந்த மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பிஸ்டனை வைத்தால் போதும். தானே சுழற்றி அளந்து, பச்சையோ சிவப்போ விளக்குப் போட்டு, எண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடும். சூபர்வைசர் கன்னடத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாளைக்கு ஒரே பிஸ்டன்களை நானும் அளக்க வேண்டும், மிஷினும் அளக்கும். இரண்டும் ஒத்துப்போனால் மிஷின் என் பொறுப்பு. ஒத்துப்போகாவிட்டால் நான் பேக்கிங்குக்கு.

பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அங்கே அனுப்பினால், இத்தனை வருடம் நீ பார்த்ததெல்லாம் தப்பு என்று சொல்லி அனுப்புவதாகத்தானே அர்த்தம்? மூன்று நாளும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து மூடினேன்.

அளக்கும்போது என் இரண்டு கையிலும் வேலை இருக்கும். அதனால் முள் காட்டுவதை நான் வாய்விட்டுச் சொல்ல, பக்கத்து மேஜையில் இருப்பவர் பதிவேட்டில் எழுதுவார். முன்பு எழுதியவர் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். அவர் ஓய்வு பெற்று நாலு மாதமாக, மண்டியாக்காரர் ஒருவர் எழுதுகிறார். அரைகுறைத் தமிழ், முழு நல்ல மனசு. கடைசல் மிஷின்களின் சத்தம் தாங்காமல் எப்போதும் காதில் அந்த ஆரஞ்சு அடைப்பானோடு இருப்பார்.

நாலாம் நாள் காலையில், மிஷினைப் பொருத்த வந்திருந்த கோயமுத்தூர் இன்ஜினியர் தம்பி இரண்டு பட்டியலையும் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நாற்பதுக்கு மேல் ஒத்துப்போகவில்லை என்றார். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க்கா, உங்ககிட்ட ஆறே இல்லீங்களே?"

"என்ன தம்பி?"

"ஆறுங்க்கா, நம்பர் ஆறு. மிஷின் அம்பது எடத்துல ஆறு காட்டுது. உங்க பட்டியல்ல மொத்தமே ரெண்டுதான். மிச்சமெல்லாம் மூணுன்னு இருக்குது. ஆறுமேல உங்களுக்கு என்னங்க கோவம்?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் போய்விட்டது, கண்ணாடி மாற்றச் சொல்லி மகள் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும் என்று ஓடியது புத்தி.

"ஒருக்கா என் முன்னாடி அளங்க்கா" என்றார்.

வைத்தேன். அவரும் என் தோளுக்குமேல் குனிந்து பார்த்தார். முள் ஆறில் நின்றது. "ஆறு" என்றேன், எப்போதும் போல. பக்கத்தில் பேனா ஓடியது. தம்பி எட்டிப் பார்த்தார். பதிவேட்டில் மூன்று.

"ஐயா, அக்கா என்னங்க சொன்னாங்க?"

மண்டியாக்காரர் காதடைப்பானை எடுத்தார். "மூரு."

"ஆறுன்னுதானே அண்ணா சொன்னேன்!"

"ஐயோ! நீங்க சில டைம் மூணு சொல்றீங்க, சில டைம் மூரு சொல்றீங்க. தமிழு, கன்னடா எல்லாம் மிக்ஸ் பண்ணி பேசறீங்க, நான் ரெண்டுக்கும் மூணே எழுதினேன். சரிதானே, அல்வா?"

கன்னடத்தில் மூன்றுக்கு மூரு. அடைப்பானைத் தாண்டி என் ஆறு அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. 'அல்வா' என்றால் 'இல்லையா'. தம்பிக்கு அது தெரியாது. "தப்பா எழுதிட்டு அல்வா வேற குடுக்கறீங்களா?" என்றார். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மண்டியாக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

தண்ணீர் உள்ளே போனதும் அடுத்த கவலை எழுந்தது. நாலு மாதம் தப்பாக எழுதிய பதிவேடு! கெட்ட பிஸ்டன் ஏதாவது வெளியே போயிருந்தால்? தம்பியிடம் கேட்டேன்.

"சிவப்புத் தட்டுல போடறது யாருங்க்கா?"

"நான்தான்."

"பதிவேட்டப் பாத்தா போடுவீங்க?"

"இல்ல, முள்ளப் பாத்து."

"அப்பறம் என்னங்க?"

அப்புறம் ஒன்றும் இல்லைதான். ஆறோ மூன்றோ, இரண்டுமே பத்துக்குள். கைக்கு வந்ததைக் கை சரியாகத்தான் பிரித்திருக்கிறது. அந்த மூன்று நாளும் நான் சிவப்புத் தட்டில் போட்டதையெல்லாம் மிஷினில் வைத்துக் காட்டினார். ஒன்று விடாமல் சிவப்பு விளக்கு எரிந்தது. சூபர்வைசர் வந்து முழுக் கதையையும் கேட்டு, மண்டியாக்காரரை ஒரு பார்வை பார்த்து, திங்களிலிருந்து என்னை மிஷினில் உட்காரச் சொல்லிவிட்டார். மண்டியாக்காரர் ஸ்டோருக்குப் போனார். அங்கே சத்தம் கிடையாது. போகும்போது, "அக்கா, நிம்மதி" என்று தமிழில் சொன்னார். கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான், நெம்மதி.

திங்கட்கிழமை முதல் பிஸ்டனை மிஷினில் வைத்தேன். பச்சை விளக்கு. திரையில் நாலு என்று வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதையே எடுத்து என் பழைய டயலிலும் வைத்துப் பார்த்தேன். நாலு. இரண்டாவதையும் அப்படியே பார்த்தேன். மூன்றாவதைப் பார்க்கவில்லை.