முன் சீட்டில் ஏறியவர்

மெல்பேர்னிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில், கடல் பார்க்கப் போகிறவர்கள் காரை நிறுத்தும் இடத்தில்தான் அவரைக் கண்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த அவருக்கு மகளும் மருமகனும் ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் குரங்குக் குல்லா, கையில் எவர்சில்வர் ஃபிளாஸ்க். அதன் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினாரே தவிர, ஒரு வாய் குடிக்கவில்லை.

மகள் வழியைத் தப்பாகச் சொன்னாளாம். அதற்காக மருமகன் அவளைக் கன்னத்தில் அறைந்தான். எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அடித்தவர் அவளுடைய அப்பாதான். இரண்டாவது அறைக்கு அவன் கை ஓங்கியபோது ஃபிளாஸ்க் அவன் மூக்கில் இறங்கியது. சட்டையெல்லாம் இரத்தம். அவர் நிறுத்தவில்லை. மறுபடியும் அடித்தார்.

"விடுங்கப்பா! அவரை விட்டா வண்டி ஓட்ட யாரு இருக்கா?" என்று மகள் அலறினாள்.

நான் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். "அங்கிள், மகளையும் கூட்டிக்கொண்டு எங்கட காரில வாங்கோ. நாங்களும் மெல்பேர்னுக்குத்தான் போறம்."

அவர் திரும்பிப் பார்த்தார். மகள் கணவனுடைய காரின் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள்.

"அவ அதுல ஏறிட்டாளே, தம்பி."

அந்தக் காரின் முன் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கார் என்னைக் கடந்து போனபோது பார்த்தேன். மூடியை அவர் தொடவில்லை. ஃபிளாஸ்க்கின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.