லேசான தடியடி

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் வட்டாரத்துக்கு ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருந்தேன். தொழிற்பேட்டையில் சைக்கிள் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் இரண்டாவது வாரத்தைத் தொட்டிருந்தது. அங்கே ஃபிட்டராக இருந்தவர் எனக்கு அடுத்த வீட்டுக்காரர்.

அன்று நண்பகல். வாயிலில் உட்கார்ந்திருந்தவர்களைப் போலீஸ் எழுந்து போகச் சொன்னது. அவர்கள் எழுவதற்குள் தடிகள் இறங்கிவிட்டன. எதிரே பங்க்சர் கடையில் நின்று பார்த்தேன். ஓடியவர்களை விரட்டி அடித்தார்கள். விழுந்தவர்களைச் சுற்றி நின்று அடித்தார்கள். ஃபிட்டர் சாக்கடையோரம் விழுந்தார். தலையை மறைத்த கையில் ஓர் அடி. எலும்பு முறிந்த சத்தம் கடைவரை கேட்டது. கை தொங்கியதும் காதோடு சேர்த்து இன்னொரு அடி. ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. நான் கடையை விட்டு அசையவில்லை. நோட்டுப்புத்தகத்தை இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டேன்.

மாலை மின்சார ரயிலில் போய், பார்த்ததை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். உதவி ஆசிரியர் பாதியை அடித்துவிட்டு மேலே எழுதினார்: ‘போலீசார் லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர். சிலர் லேசான காயமடைந்தனர்.’

“சார், நான் நேர்ல பார்த்தேன். லேசா அடிக்கலை.”

“தடியடின்னாலே லேசான தடியடிதான்யா. சுட்டாத்தான் வேற வார்த்தை. நாளைக்கு எல்லாப் பேப்பரையும் எடுத்துப் பாரு.”

பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படியே இருந்தது. டீக்கடையில் கிடந்த பழைய பேப்பர் கட்டையும் பிரித்தேன். மாணவர்கள் மேல் லேசான தடியடி. அரிசிக்கு வரிசையில் நின்ற பெண்கள் மேல் லேசான தடியடி. லேசான மழையும் ஒரு மந்திரியின் லேசான காய்ச்சலும் அவற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தன. கடுமையான தடியடி என்று ஓரிடத்திலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஃபிட்டரின் மனைவி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“நீதான எய்தினே? லேசுன்னு போட்டுகீதாமே. வா, வந்து பாரு.” என் கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்துப் போனார். “அந்தக் காதுல பேசு. கேக்குதான்னு பாரு.”

ஃபிட்டரின் இடது காதருகே குனிந்து “அண்ணே” என்றேன். அவர் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார்.

வலது பக்கம் போனதும் என்னைத் தெரிந்துகொண்டார். “வுடு மே, அவரு இன்னா பண்ணுவாரு,” என்று மனைவியிடம் சொன்னார். அந்த மன்னிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றதற்கு அந்த அம்மா என்னை அறைந்திருந்தாலும் தகும்.

இரண்டு மாதம் கழித்து, வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் அனுமதியின்றி வேலைக்கு வரவில்லை என்று நிர்வாகம் ஃபிட்டரை விசாரணைக்கு அழைத்தது. லேசான காயத்துக்கு எதற்கு இரண்டு மாதம் என்று கேட்டு, என் செய்தியைக் கத்தரித்து மேசைமேல் வைத்தார்கள். அவர் கேட்டுக்கொண்டதால் நான் சாட்சிக்குப் போனேன்.

விசாரணை அதிகாரி கேட்டார்: “இது நீங்க கொடுத்த செய்திதானே?”

“ஆமா சார்.”

“அப்போ இதுல இருக்கறது பொய்யா?”

வெளியே லேத் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. “பொய்தான் சார். அவரு கையை உடைச்சாங்க. விழுந்தப்புறமும் அடிச்சாங்க. நான் பார்த்துக்கிட்டு நின்னேன்,” என்றேன்.

அந்த வாரமே பத்திரிகை என்னை நிறுத்திவிட்டது. நிர்வாகமும் அவரை வேலையைவிட்டு நீக்கியது. தொழிலாளர் நீதிமன்றத்தில் என் சாட்சியத்தை ஏற்று, அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னார்கள். ஆனால் அதற்கு மூன்று வருடம் ஆனது. முறிந்த கை சரியாக மடங்காததால் ஃபிட்டர் வேலை கிடைக்கவில்லை, ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள்.

அதற்குள் நான் ஆவடிக்குக் குடிபோய், ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சைக்கிளில் வருவார். காது போனதிலிருந்து சத்தமாகப் பேசுவார். ஸ்டோரில் நடக்கும் திருட்டெல்லாம் தெரு முழுக்கக் கேட்கும். என் மனைவி ஓடிப்போய் சன்னலைச் சாத்துவாள்.