மேஜரின் நூறு

மட்டைக்கு எண்ணெய் தேய்த்து முடித்ததும் மேஜர் துரைராசு அதைச் சுவரில் சாய்த்து வைக்க மாட்டார். கயிற்றில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்க விடுவார். கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய்தான் பூச வேண்டும் என்பது சாஸ்திரம். பாபநாசம் கடைத்தெருவில் அதற்கு எங்கே போவது? நல்லெண்ணெய்தான். வாசனைக்கு எறும்பு வந்துவிடுகிறது. "எனிமி எந்தப் பக்கமா வருவான்னு தெரிஞ்சு வச்சிருக்கணும் ஈஸ்வரி" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே கயிற்று முடிச்சைச் சுற்றி மஞ்சள்தூளைத் தடவுவார். தாளிக்க வைத்திருந்த எண்ணெய் பாதியாகக் குறைந்துபோன எரிச்சலில் இருக்கும் ஈஸ்வரி அம்மாள் அந்த நேரத்தில் எறும்பின் கட்சி.

மேஜருக்கு ஐம்பத்தாறு வயது. குடமுருட்டிக் கரையில் சொந்த ஊர், சொந்த நிலம். பீரங்கிப் படையில் இருந்துவிட்டு வந்து ஏழு வருடமாகியும் மெஸ் பழக்கம் விடவில்லை; தயிர்சாதத்தைக்கூட ஸ்பூனில்தான் சாப்பிடுவார். கோழியை விரட்டுவது இந்தியில். கோழிகளும் புரிந்துகொண்டு ஓடுகின்றன. ஊருக்கு அவர் பட்டாளத்துக்காரர். பட்டாளத்திலோ அவரைப் பீரங்கிக்காரர் என்று நினைத்தவர்களைவிட ஓப்பனிங் பேட்ஸ்மேன் என்று நினைத்தவர்கள்தான் அதிகம். ஆடி ஒரு பைசா சம்பாதித்ததில்லை. ஆடாமல் ஒரு வருடம் இருந்ததும் இல்லை.

அவருக்கு ஒரு குறை. வாழ்க்கையில் ஒரு தடவைகூட நூறு ரன் அடித்ததில்லை. எழுபத்தொன்றாம் வருடம் ஜான்ஸி கன்டோன்மென்டில் எண்பத்தெட்டு ரன்னில் ஆடிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் ஒரு ஜவான் ஆடுகளத்துக்குள்ளேயே வந்து இறங்கி, ரெஜிமென்ட் அன்று மாலையே எல்லைக்குக் கிளம்ப வேண்டும் என்றான். காலில் கட்டிய பேடோடு ஜீப்பில் ஏறியவர் அவர். யுத்தம் முடிந்தது, அந்தப் பன்னிரண்டு ரன் மட்டும் முடியவில்லை. இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் கேட்கிறவர் சிரித்தால் அவருக்குப் பிடிக்காது.

ஊரில் அவர் சேர்த்து வளர்த்த அணி இந்த ஐந்தாறு வருடத்தில் கரைந்துகொண்டே வருகிறது. அதைக்கூட அவர் பட்டாளக் கணக்கில்தான் சொல்லுவார். "கீப்பர் குவைத் போஸ்டிங். ஸ்லிப்புல நின்னவன் சிங்கப்பூர் போஸ்டிங்." போகிறவர்கள் வந்து சொல்லிக்கொள்ளும்போது எழுந்து நின்று கை குலுக்கி அனுப்புவார். போகாதே என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. போன மாசியில் மிச்சம் இருந்த பதினோரு பேரில் ஏழு பேர் கையில் பாஸ்போர்ட் இருந்தது. அடுத்த வருடம் அணியே இருக்காது என்று அவருக்குத் தெரியும். அக்கரை ஊரோடு நடக்கும் வருடாந்தர ஆட்டம்தான் அவருடைய நூறுக்குக் கடைசி வாய்ப்பு. அந்த முறை ஆட்டம் இவர்கள் ஊரில்.

ஆடுகளம் அவருடைய சொந்த வயல்தான். வாய்க்காலை ஒட்டிய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். மற்ற நிலத்தைப் போலவே அதையும் குத்தகைக்கு உழுகிறவர் வைரக்கண்ணு. சம்பா அறுத்த பிறகு சித்திரை வரை அந்த ஆறு மாவில் எதுவும் விதைப்பதில்லை, அது கிரிக்கெட்டுக்கு என்று இருவருக்குள்ளும் பேச்சு. எங்கள் பக்கம் உளுந்துக்கென்று தனியாக உழுவதில்லை. சம்பா பழுத்து நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், கதிருக்கு நடுவே உளுந்தைத் தெளித்துவிடுவோம். நெல்லை அறுத்துத் தூக்கியதும் தாளுக்கு இடையில் அது பச்சையாக எட்டிப் பார்க்கும். அப்புறம் பனியே போதும்.

மேஜர் கண்ணில் புரை எடுக்கச் சென்னை ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து வயலைப் பார்த்தால் ஆறு மாவும் உளுந்தின் இரட்டை இலை. தெளித்தது வைரக்கண்ணுவின் மனைவி பூவம்மாள். பக்கத்து வயலில் ஆரம்பித்தவர், கூடையில் விதை இருந்த வரைக்கும் நடந்திருக்கிறார்.

"அந்த வரப்பு வந்ததே தெரியலைங்க. கை பாட்டுக்கு வீசிக்கிட்டே வந்துடுச்சு" என்றார் பூவம்மாள். வைரக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு, உங்கள் மண், உங்கள் பேச்சு, ஏரைக் கட்டி ஒரே காலையில் அழித்துவிடுகிறேன் என்றார். அணியில் இருந்த பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள்.

மேஜர் வரப்பு மேலேயே வயலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு செடியைக்கூட மிதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஈஸ்வரி அம்மாளிடம்தான் வாய் திறந்தார். எல்லையில் கணுக்கால் உயரக் கோதுமைக்குள் இவருடைய பீரங்கி வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனபோது வயலுக்குச் சொந்தக்காரர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். "அப்ப ஆர்டர் இருந்துச்சு. இப்ப யாரு ஆர்டர் போட்டா?" என்றார். உளுந்து நின்றது.

ஆட்டம் நிற்கவில்லை. அதுதான் மேஜர். ஒரு கதவு அடைத்தால் உட்கார்ந்து புலம்புகிற ஜாதி இல்லை அவர். மறுநாள் விடியும்போது குடமுருட்டிக்குள் இறங்கி மணலைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் மேட்டூர் தாமதமாகத் திறந்து, கடைமடைப் பக்கம் சம்பா இன்னும் பச்சையாக நின்றது. அதனால் ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே ஆறு நாள் மணல் வெளியே தெரியும். அந்த ஆறு நாளுக்குள் களம் அமைத்து ஆடி முடித்துவிடுவது என்று முடிவு கட்டினார். தண்ணீர் திங்கட்கிழமை காலை. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை.

குளத்துக் களிமண்ணை டிராக்டரில் கொண்டு வந்து நடு ஆற்றில் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் சொல்லி முடைந்து வந்த தேங்காய் நார்ப் பாயை அதன் மேல் விரித்து, சுற்றிலும் கம்பி அடித்தார்கள். எல்லாரையும்விட அதிகம் மண் சுமந்தவர் வைரக்கண்ணு. மேஜர் தண்ணீர்ச் செம்பை நீட்டினால் வாங்கிக்கொள்வார். முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். உளுந்து முளைத்த நாளிலிருந்து அப்படித்தான்.

அக்கரை அணியின் தலைவன் ஜாஹித். ஷார்ஜாவில் கார்கோ கம்பெனியில் வேலை. லீவில் வந்தால் இந்த ஆட்டத்தை ஆடாமல் விமானம் ஏற மாட்டான். அவன் போடும் வேகப்பந்துக்கு மணலில் ஓடி வருவதே பெரிய விஷயம். ஆனாலும் வந்தான். அவர்கள் முதலில் ஆடி இருநூற்றுச் சொச்சம் எடுத்தார்கள். மதியம் மேஜர் இறங்கினார். நடுவர் வைரக்கண்ணு. ஒரு நாளும் மட்டையைத் தொடாத மனிதர், யார் பக்கமும் சாய மாட்டார் என்று இரண்டு கரையும் ஒப்புக்கொண்ட ஆள்.

அன்று மேஜர் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். கண் புதுசு, முழங்கால் பழசு. ஓட முடிந்ததை ஓடினார், ஓட முடியாததைக் கரைக்கு அடித்தார். எண்பத்தெட்டைத் தாண்டியபோது ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். தொண்ணூற்றாறில் நிற்கும்போது மேற்கே சத்தம் கேட்டது. கரையில் சைக்கிளில் வந்த ஆள், கடைமடையில் பயிர் காய்கிறதென்று முறையை ஒரு நாள் முன்னாலேயே விட்டுவிட்டதாகக் கத்திக்கொண்டே போனார். வளைவில் தண்ணீர் தெரிந்தது. நுரையும் சருகுமாக மணலை நனைத்து நனைத்து வந்துகொண்டிருந்தது. தண்ணீர் மேல் கோபித்துக்கொள்ள டெல்டாக்காரனால் முடியுமா? மேஜர் மட்டையை ஊன்றிக்கொண்டு நடுவர் பக்கம் திரும்பினார்.

"இங்க வர எவ்வளவு நேரம் ஆகும் வைரக்கண்ணு?"

"கால் மணி நேரம் ஆகுமுங்க. ஏறிடலாமுங்க."

"அப்ப ஒரு ஓவர் தாராளமா போடலாம். எல்லாரும் இடத்துல நில்லுங்க."

ஜாஹித் பந்தோடு அவர் அருகே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், நேரா ஒரு ஃபுல்டாஸ் போடுறேன். அடிச்சு முடிச்சிடுங்க. அப்புறம் சேர்ந்தே ஏறுவோம்" என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னான்.

"எனக்கு யாரும் ரேஷன் போட வேணாம் தம்பி. ஷார்ஜாவுல எப்படிப் போடுவியோ அப்படிப் போடு."

முதல் பந்தை ஆடாமல் விட்டார். இரண்டாவதைத் தடுத்தார். மூன்றாவது பந்து பாயில் பட்டு உள்ளே திரும்பியது. மட்டை கொஞ்சம் தாமதித்தது. நடு ஸ்டம்ப் பறந்து போய் மணலில் விழுந்தது.

அதற்கு அப்புறம்தான் அந்தக் குரல் வந்தது. "நோ பால்!"

வைரக்கண்ணு கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றார். ஜாஹித் குனிந்து தன் கால் தடத்தைப் பார்த்தான். குதிகால் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் பதிந்திருந்தது. பந்தைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டு மறுபடியும் ஓடி வருவதற்குத் திரும்பி நடந்தான். பறந்த ஸ்டம்பை அக்கரை ஆட்களில் ஒருவன் எடுத்து வந்து நட்டுவிட்டுப் போனான். இரண்டு ஊரும் சேர்ந்து மேஜருக்கு நூறைக் கொடுத்துவிடத் தயாராக இருந்தன. இன்னும் நான்கு பந்து இருந்தது. தண்ணீர் பாய்க்கு ஐம்பது அடி தூரத்தில் இருந்தது.

மேஜருக்கு ஆசை இல்லாமல் இல்லை. கால் நூற்றாண்டு ஆசை. நட்ட ஸ்டம்பைப் பார்த்தார். எதிரே நின்ற வைரக்கண்ணுவைப் பார்த்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்த மனிதர் அவருடைய கண்ணை நேராகப் பார்த்தார். ஆறு மா உளுந்துக்குப் பதிலாக அவரால் கொடுக்க முடிந்தது அந்த ஒரு சொல்தான் என்று மேஜருக்குப் புரிந்தது.

மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாயின் மேல் மறுமுனை வரை நடந்து போனார். தண்ணீரின் முதல் நாக்கு பாயின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. நீட்டியபடியே இருந்த வைரக்கண்ணுவின் கையை மணிக்கட்டில் மெல்லப் பிடித்து மேலே உயர்த்தினார். பிறகு களிமண் காய்ந்து வெடித்திருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஆட்காட்டி விரலை மட்டும் நிமிர்த்திவிட்டார்.