ஈர மலையில் பற்றிய கற்பூரம்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேப்பனப்பள்ளிக்கு அப்பால் எங்கள் குலதெய்வமான முனியப்பன் இருக்கும் மலையில் என் கணவர் மாதேஷ் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. பூசை போட நாங்கள் இருவர் மட்டுமே ஏறியிருந்தோம். கோயிலை நெருங்கும்போது பிடித்த மழை விடும்வரை அவர் பாறைக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் கிடந்தார். பிறகு ஒரு பாறை இடுக்குக்கு இழுத்து வந்தேன். செல்போனில் டவர் இல்லை. குளிரில் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. பேச்சு குழறியது. அவரை விட்டுவிட்டுக் கீழே இறங்க எனக்குத் துணிவு வரவில்லை.

நான் ஓசூரில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தவள். ‘உதவி கிடைக்காமல் உயிரிழந்தார்’ என்ற வரியைப் பலமுறை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அன்று அந்த வரி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது.

தீப்பெட்டி அவர் சட்டைப் பையில் ஊறிப் போயிருந்தது. சாவிக்கொத்தைக் கைகாட்டினார். எங்கள் மகள் கவிதா சென்னையிலிருந்து வாங்கி அனுப்பிய ஃபயர் ஸ்டார்ட்டர் அதில் தொங்கியது. விரல் நீளக் கறுப்புக் குச்சி, கூடவே ஒரு சின்ன எஃகுத் தகடு. தகட்டின் ஓரத்தால் குச்சியை அழுத்திச் சுரண்டினால் நெருப்புப் பொறி கொட்டும்; நனைந்தாலும் கெடாது. சுரண்டினேன். தகடு வழுக்கிக்கொண்டு போனது. மறுபடியும் சுரண்டினேன். ஒரு பொறிகூட இல்லை.

அவர் தகட்டை வாங்கிக் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“பர் எடுத்துட்டேன் மே,” என்றார்; என்னை ‘மே’ என்றுதான் கூப்பிடுவார். “சாவி எடுக்கறப்ப உன் கையக் கிழிச்சுடும்னு.”

உலோகத்தை வெட்டும்போது ஓரத்தில் நிற்கும் கூர்ப்பிசிறுக்கு ‘பர்’ என்று பெயர். அதை அரத்தால் ராவி எடுப்பதுதான் ஓசூர் கம்பெனியில் அவருக்கு வேலை. வீட்டில் டப்பா மூடியைக்கூட விடமாட்டார். பொறி எழுப்ப வேண்டிய கூர் ஓரத்தையும் அந்தப் பழக்கத்தில் ராவிவிட்டார்.

“கியூசில பாஸ் ஆயிடும்,” என்று, கம்பெனியில் நடக்கும் தரச் சோதனையைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பற்கள் தந்தியடித்தன.

எனக்கு அதுவரை பெரிய பக்தி கிடையாது. அவருக்காகத்தான் மலையேறுவேன். அன்று கோயில் இருந்த பக்கம் திரும்பி வாய்விட்டுக் கேட்டேன். “முனியப்பா, இந்தக் குளுருல, அனாதையா இவரு போகக் கூடாது. பொண்ணு மொகத்தப் பாக்கணும்.” அவ்வளவுதான் கேட்டேன்.

அழுதுகொண்டே கையை ஊன்றியபோது உள்ளங்கையில் ஏதோ குத்தியது. உடைந்த பிராந்தி பாட்டிலின் துண்டு. முனியப்பனுக்குச் சுருட்டும் பாட்டிலும் வைத்துப் படைப்பது இங்கே வழக்கம். எனக்கு அது பிடிக்காது. யாரோ வைத்த படையல் உருண்டு உடைந்திருக்க வேண்டும். அந்தக் கண்ணாடியின் கூரால் குச்சியைச் சுரண்டினேன். பொறி கொட்டியது.

சாமிக்கு உடைக்கும் தேங்காயில் குடுமியை எடுக்கக் கூடாது என்பார்கள். பூசைப் பையில் இருந்த தேங்காயின் குடுமி நாரைப் பிய்த்துப் பஞ்சாக்கி, உறைக்குள் நனையாமல் இருந்த கற்பூரத்தைப் பொடித்துத் தூவினேன். பற்றிக்கொண்டது. பாறை இடுக்கில் காய்ந்து கிடந்த உண்ணிச்செடிச் சுள்ளிகளை வைத்தேன். அவர் கையை நெருப்பருகே பிடித்தேன். பிறகு பச்சைத் தழையைப் போட்டேன். புகை எழுந்தது.

அதைப் பார்த்துத் திட்டுவதற்காகத்தான் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் மேலே வந்தார். “எவுரு அது, காட்டுக்குத் தீ வெக்கறது? பாரஸ்டுக்காரன் எங்களத்தான புடிப்பான்?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர், எங்களைப் பார்த்ததும் கோலைக் கீழே போட்டார். “அய்யோ, ஏமாயிந்தம்மா?” என்று, என்ன ஆயிற்று எனத் தெலுங்கில் கேட்டபடி என் தோளைப் பிடித்தார். அவர் சத்தம் போட்டதில், கீழே மாந்தோப்பிலிருந்த ஆட்கள் கயிற்றுக் கட்டிலோடு ஏறி வந்தார்கள். இருட்டுவதற்குள் ஆம்புலன்ஸில் இருந்தோம்.

மறுநாள் காலை கவிதா கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். “நீ அனுப்புன சாமான நான் கெடுத்து வெச்சேன். உங்கம்மா பிராந்தி பாட்டில்ல பத்த வெச்சா பாரு,” என்று அவளிடம் சொன்னார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மாலைவரை அவள் கையை அவர் விடவில்லை. அன்று மாலையே இறந்துவிட்டார். முறிந்த காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டது என்றார்கள். முடிந்ததையெல்லாம் செய்தார்கள்.

காரியத்தன்று என் நாத்தனார் கேட்டாள்: “கேக்கறதுதான் கேட்ட அண்ணி, உசுரக் கேட்டிருக்கக் கூடாதா?”

இப்போது அமாவாசைதோறும் தனியாக மலையேறுகிறேன். போகும் வழியில் அந்த ஆடு மேய்க்கும் அம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகிறேன். பாட்டில் படையலைப் பற்றி யாரிடமும் குறை எதுவும் சொல்வதில்லை.

அன்பர்களே, அழைத்தால் அவன் வருவான். கோபமாக ஏறி வரும் ஓர் ஆள் வடிவத்திலும் வருவான். நம்பிக் கேளுங்கள். நான் கேட்டதில் ஒரு சொல்லையும் அவன் குறைக்கவில்லை. அவர் குளிரில் போகவில்லை, அனாதையாகப் போகவில்லை, மகள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நீங்கள் கேட்கும்போது மட்டும், என்னைப் போலக் கொஞ்சமாகக் கேட்காதீர்கள்.