லூர்துமேரி சிஸ்டர் வாங்கிப்போன பட்டியல்

திங்கட்கிழமை காலை, வழக்கம்போல் கரும்பு வெட்டுப் பட்டியலை இரண்டு படி எடுத்தேன். ஒன்றை ஆலைக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தேன். அதை வாங்க வரவேண்டியவர் வரவில்லை. பதினொரு மணிக்கு அவருடைய கணவர் போன் செய்தார். "மேரி போயிட்டா சார். நெஞ்சு வலிக்குதுன்னா, அவ்ளோதான்" என்றார். கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

லூர்துமேரி அவர்கள் கிராம சுகாதார செவிலியர். சொந்த ஊர் கடலூரை அடுத்த குடிகாடு. பணியாற்றியது புவனகிரிப் பக்கத்துக் கிராமங்களில். நான் சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவு அலுவலகத்தில் குமாஸ்தா. யார் வயலில் எந்தத் தேதியில் வெட்டு என்று முறை எழுதுவது என் வேலை. வெட்டுகிறவர்கள் சங்கராபுரம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள். வெட்டு நடக்கும் வயலோரமே தார்ப்பாய் கட்டித் தங்குவார்கள். நாலு நாளைக்கு ஓர் இடம். ஊசி போடத் தேடினாலும் அகப்படமாட்டார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து தேடினாலும் அகப்படமாட்டார்கள். உண்மையைச் சொன்னால், யாரும் தேடியதுமில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், தடுப்பூசிப் பெட்டியும் கையுமாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வெட்டுப் பட்டியல் வேண்டுமாம். "இது ஆபீஸ் பேப்பர்மா. ஒங்களுக்கு எதுக்கு? கரும்பு போட்டிருக்கீங்களா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எந்தக் கரும்ப என்னைக்கு வெட்டணும்னு ஒங்களுக்குத் தெரியுது தம்பி. அத வெட்டுற பொம்பளைக்கு என்னைக்குப் பிரசவம்னு எனக்குத் தெரியணுமா வேணாமா?"

அன்றைக்குக் கொடுத்ததுதான் முதல் படி. அப்போதிலிருந்து அந்தத் தாளை வைத்துக்கொண்டு, வெட்டுக் கூட்டம் போய்ச் சேரும் முன்பே அந்த வயலில் போய் நின்றார் அந்த அம்மாள். பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பார். ஒவ்வொரு தாயிடமும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சின்ன நோட்டு. எந்த ஊசி போட்டாயிற்று, பிள்ளை எந்தப் பாடம் வரை படித்திருக்கிறது, இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். அடுத்த ஊர் வாத்தியார் அங்கேயிருந்து தொடங்குவார். சட்டம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்கு வயல் நடந்தவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இனிச் சொல்லப்போவது என் தப்பு. ஒரு வருடம் பெரிய விவசாயி ஒருவர் வந்தார். வீட்டில் கல்யாணம், பந்தல் போட வயல் காலியாக வேண்டும், முன்கூட்டியே வெட்டித் தரச் சொன்னார். ஆலைக்குப் போகும் தாளில் முறையை மாற்றி எழுதினேன். சிஸ்டரின் தாளை மறந்தே போனேன்.

அந்த வாரம் ஏழுமலை மேஸ்திரியின் கூட்டத்தில் அஞ்சலை என்ற பெண்ணுக்கு எட்டு மாதம். சிஸ்டர் பட்டியலை நம்பி ஒரு வயலுக்குப் போனார். வெட்டிய கட்டைகளும் அணைந்த அடுப்பும்தான் கிடந்தன. எனக்கு மூன்று தடவை போன் செய்திருக்கிறார். போனை மேசையில் வைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போயிருந்தேன், என்னத்தைச் சொல்ல! வேறு யாராயிருந்தாலும் திரும்பியிருப்பார்கள். அவர் ரோட்டைப் பார்த்தார். டிராக்டரிலிருந்து விழுந்த கரும்புகள் அங்கங்கே கிடந்தன. அவற்றை அடையாளமாகப் பிடித்துக்கொண்டே சிதம்பரம் போகும் திசையில் மொபட்டை விட்டார். அவருடைய பணி எல்லை எப்போதோ முடிந்திருந்தது.

அஞ்சலை தார்ப்பாய்க்கு அடியில் கால் வீங்கிக் கிடந்தாள். "கண்ணு இருட்டுதுன்னா. வெயிலுன்னு நெனச்சிட்டோம்மா" என்றாராம் மேஸ்திரி. இரத்த அழுத்தம் பார்த்ததும் சிஸ்டர் வண்டிக்குச் சொல்லி, அவளோடு தானும் ஏறிக்கொண்டார். மருத்துவமனையில் அஞ்சலையின் கர்ப்பிணிக் கார்டைப் புரட்டிய ஒருவர், "இது வேற மாவட்டமாச்சே, அங்கதான் பாக்கணும்" என்றிருக்கிறார்.

"கார்டு அங்க இருக்கட்டும் சார். வயிறு இங்க இருக்கு. மொதல்ல உள்ள எடுங்க."

இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னாராம். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

மறுநாள் சிஸ்டர் என் அலுவலகத்துக்கு வந்தார். என்னைக் கிழி கிழியென்று கிழிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "மொறைய மாத்துங்க தம்பி, வேணாங்கல. மாத்துனா ரெண்டு தாள்லயும் மாத்துங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் விடவில்லை. வெட்டுக் காலம் வந்தால் திங்கட்கிழமைதோறும் குடிகாட்டிலிருந்து பஸ் ஏறி வருவார். பட்டியலை வாங்கிப்போய்ப் புதிய நர்சிடம் கொடுத்து, அவரோடு வயல்களுக்கு நடப்பார். சர்க்கரை நோய், முட்டி வலி எல்லாம் இருந்தது. கேட்டால், "ஒக்காந்தா ஜாஸ்தியாவுது தம்பி" என்று சிரிப்பார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். குடிகாட்டுக் கல்லறைத் தோட்டத்தில் ஊர்க்காரர்களுக்குப் பின்னால், ஒரு வேன் நிறைய வெட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். தோகை கிழித்த கைகளோடு அப்படியே வந்திருந்தார்கள். அஞ்சலை வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். ஏழுமலை மேஸ்திரி என் பக்கத்தில் வந்து, "இனிமே எங்கள யாரு சார் தேடி வருவாங்க?" என்று கேட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. எல்லோரும் மண் போட்ட பிறகு நானும் ஒரு பிடி போட்டேன். குனிந்தபோது சட்டைப் பையில் அந்தத் தாள் மொடமொடத்தது.

சிஸ்டர், இந்த வாரம் ஏழுமலை கூட்டம் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. வியாழக்கிழமை அங்கிருந்து கிளம்புகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு ஏழாவது மாதம். இத்தனை வருடம் நீங்கள் வந்து வாங்கிப்போனீர்கள். நாளைக் காலை புதிய நர்சிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முறை மாறினால் இரண்டு தாளிலும் மாற்றுகிறேன். போய் வாருங்கள்.