வாசலில் ஒரு கோணி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன்பு, ஜமுனாமரத்தூரில் புதுவீடு கட்டிக் குடிபோன நாட்களில், காலையில் எழுந்ததும் நான் கண்ணாடியைப் பார்க்கமாட்டேன், தரையைப் பார்ப்பேன். பளபளவென்று வெள்ளை டைல்ஸ். பார்க்கும்படியான முகம் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். இருந்த முகம் அதில் தெரிந்தது, அதுவே எனக்குப் பெருமை. யார் வந்தாலும், "குனிஞ்சு பாருங்க, மொகம் தெரியும்" என்பேன். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க மறந்தாலும் இதைச் சொல்ல மறந்ததில்லை.

அந்தத் தரைக்கு ஒரே எதிரி, என் மனைவி வாசலில் போட்டுவைத்த கோணி. பழைய புளி மூட்டைக் கோணி. எங்கள் பக்கம் வெளியே போய்விட்டு வந்தால் குழாயில் கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். ஈரக்காலைத் துடைக்க அது வேண்டும் என்பது அவள் கட்சி. கல்யாண மாப்பிள்ளைக்குக் கிழிந்த துண்டைப் போர்த்தியது போல் இருக்கிறது என்பது என் கட்சி. "இது கிடந்தா இன்னா, உங்க டைல்ஸு தேஞ்சா பூடும்?" என்று கேட்டுக்கொண்டே போடுவாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் அதைக் காலால் தள்ளிக் கொல்லைக்கு அனுப்பிவிடுவேன். நிறையப் படித்தவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஈரக்கால் வழுக்கும் என்பதை மட்டும் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை போலிருக்கிறது.

என் மாமனார் நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன மலையூரில் இருந்தார். எழுபதை நெருங்கும் வயதிலும் புளியமரத்து உச்சியில் நின்றுகொண்டு கிளையை உலுக்குவார். கீழே நிற்கும் எனக்குத்தான் தலை சுற்றும். ஒருமுறைகூட விழுந்ததில்லை. "காலு புடிச்சுக்கும் மாப்ள, கைய நம்பி ஏறக்கூடாது" என்பார். சந்தை நாளில் ஜீப்பில் வந்து இறங்கினால், மகள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பமாட்டார். செருப்புப் போட்டுப் பழக்கமில்லை. மாப்பிள்ளை வீட்டுத் தரை அழுக்காகிவிடக் கூடாதே என்று குழாயடியில் நின்று காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். உள்ளே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

"இன்னா மாப்ள, பாசி புடிச்ச பாற மேல வூடு கட்டிக்கினீங்களா?" என்று ஒருநாள் கேட்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அது மாசி மாதம். சந்தை நாள். நான் அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். கோணி வழக்கம்போல் கொல்லையில். மாமனார் கால் கழுவிவிட்டு, மகளுக்காகக் கொண்டுவந்த தேன் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடி உள்ளே வந்தார். அன்று சுவரைப் பிடிக்கக் கை இல்லை.

பாட்டில் உடையவில்லை. இடுப்பெலும்புதான் உடைந்தது.

மனைவி ஓடிவந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வேன் மலைப்பாதையில் இறங்கியபோது ஒவ்வொரு வளைவிலும் அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் முன் சீட்டில் இருந்த எனக்குக் கேட்டது. வேலூரில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி நாலுகால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், மரமேறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். மாமனார் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "ஊருக்கு எப்போ போலாம்?"

சித்திரையில் அழைத்துப் போனோம். அங்கே போன பிறகுதான் உறைத்தது: வாக்கரின் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் ஊன்ற வேண்டும். அவர் ஊரில் அப்படி ஓர் இடம் கிடையாது. வாசலிலேயே மேடு, பள்ளம், வேர், கல். இரண்டடி வைத்தார். வாக்கரின் ஒரு கால் அந்தரத்தில் ஆடியது. அவர் மகன், என் மச்சான், ஓடிப்போய்த் தாங்கினான். புளியமரம் கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளிடம், "வண்டிய திருப்பச் சொல்லும்மா" என்றார்.

அவர் நடக்கும்படியான சமதரை எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. என் வீடு.

அவரைச் சாய்த்த அதே தரையிலேயே மீதி நாட்களையும் நடந்து தீர்த்தார். நான் டைல்ஸ் மேல் சொரசொரப்பான விரிப்பை ஒட்டினேன். குளியலறையில் கைப்பிடிக் கம்பி, நடையில் கம்பி, கட்டிலுக்குப் பக்கத்தில் விளக்கு. வீடு டவுன் பஸ் மாதிரி ஆகிவிட்டது. இத்தனைக்கும் முதலிலேயே தேவைப்பட்டது ஒரு பழைய கோணிதான். அடுத்த மாசியில் மச்சான் உலுக்கிக் கொண்டுவந்த புளியை, மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டிக் கொட்டை எடுத்தார். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. கால்விரல்கள் மட்டும், கிளையைப் பிடிப்பது போல் மடங்கி மடங்கி விரிந்தன. நான் பார்க்காதது போல் எழுந்து போய்விட்டேன்.

சென்ற ஐப்பசி மழையில் அவர் போய்விட்டார். கோணி வாசலில் கிடக்கிறது. கொஞ்சம் விலகியிருந்தாலும் குனிந்து சரிசெய்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் இன்றைக்கும் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன், முகத்துக்காக இல்லை.

அவர் இருந்தபோது ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "எல்லாம் என்னாலதான் மாமா" என்று ஆரம்பித்தேன். அவர் புளியைத் தட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"வுடுங்க மாப்ள. நீங்க சொன்னது நெஜந்தான். வுழுறப்ப பாத்தேன், மொகம் நல்லாத் தெரிஞ்சிச்சி."