இரண்டு பேருக்கு ஒரு கமர்கட்டு

கமர்கட்டு என்றதும் என் நாக்கில் முதலில் ஊறுவது வெல்லமும் தேங்காயும் அல்ல, உப்பு. பாவாடைத் துணியின் உப்பு. மிட்டாயைப் பாவாடை ஓரத்தில் வைத்துச் சுற்றி, துணியோடு சேர்த்துக் கடைவாயில் வைத்து ஒரே கடியாய் உடைப்பதை நாங்கள் "காக்காக் கடி" என்போம். துணி நடுவில் இருப்பதால் எச்சில் படாது என்பது குழந்தைகளின் சட்டம். பல ஊர்களில் இந்தச் சட்டம் உண்டு. ஆனால் மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி வளர்ந்த எங்களுடைய துணிகள் வேறு மாதிரி. கிணற்றுத் தண்ணீரும் கரிப்பு, அளத்திலிருந்து வரும் காற்றும் கரிப்பு என்பதால் எவ்வளவு அலசினாலும் பாவாடை காய்ந்ததும் அப்பளம்போல் விறைத்துக்கொள்ளும். அதில் சுற்றிக் கடித்தால் இனிப்புக்கு முன்னால் உப்பு வந்து நிற்கும்.

கோடை முழுக்க அப்பா உப்பு வாருவார், அம்மா கூடை சுமப்பாள். பள்ளி விடுமுறையில் நானும் செல்வி அக்காவும் அளத்து வரப்பில் காத்திருப்போம். வேலை முடிந்து திரும்பும் வழியில் அம்மா டீக்கடையில் நிற்பாள். கடைக்காரர் கல்லாவைத் துழாவிப் பார்த்து, "சில்லற இல்லம்மா, இத வச்சுக்கோ" என்று ஒரு கமர்கட்டை எடுத்து நீட்டுவார். ஒன்றுதான். வீட்டில் இரண்டு பெண்கள் இருப்பது அவருக்கும் தெரியும், என்றாலும் ஒன்றுதான். அம்மா அதை அக்காவின் கையில் வைத்து, "எச்சி பண்ணாம பங்கு போட்டுத் தின்னுங்கடி" என்பாள். அந்தக் கோடைகளில் என் ஒவ்வொரு நாளும் அந்த ஒரு கடியை நோக்கித்தான் நகர்ந்தது. அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கடிப்பாள். 'டொக்' என்று சத்தம் கேட்கும். துணியை விரித்து, ஒரு பாதியை எனக்குத் தந்துவிட்டு மறு பாதியை வாயில் போட்டுக்கொள்வாள். பெரிய பாதியைத்தான் எனக்குத் தருகிறாள் என்பது என் நம்பிக்கை.

இதையெல்லாம் இப்போது எழுதத் தூண்டியது சென்ற மாதம் நாங்கள் போன ஒரு மிட்டாய்க் கடை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூனிமேடு தாண்டிப் புதிதாக வந்திருக்கும் அந்தக் கடை, பழைய கடையைப் போலவே செய்யப்பட்டது. சிவப்பு சிமெண்டுத் தரை, வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், வாசலில் படம் எடுத்துக்கொள்ள ஒரு பழைய சைக்கிள், உள்ளே ஏசி. நான் மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள். எங்கே போனாலும் கண் தானாகவே வரிசைப்படுத்திக்கொள்ளும். தேன் மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய், சூட மிட்டாய், பல்லி மிட்டாய், எலந்தவடை, குருவி ரொட்டி, கமர்கட்டு என்று எதுவும் விடுபடவில்லை.

நான் அங்கே போனது மிட்டாய்க்காக அல்ல. கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, நாங்கள் கிளம்ப இருந்தோம். என் மகள் மகிழும் அக்காவின் மகள் ஹரிணியும் ஒரே வயதுக்காரர்கள். இருவரும் இரண்டாம் வகுப்பு. கல்யாணங்களிலும் பொங்கலிலும் பார்த்துக்கொண்டதைத் தவிர இருவருக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கிளம்புவதற்கு முன் இருவரும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் சென்னையிலிருந்து மகிழைக் கூட்டிவந்து மரக்காணத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். நாட்கள் போயினவே தவிர, ஒருத்தி போனிலும் ஒருத்தி தெருவிலுமாக இருந்தார்கள். ஹரிணி அவளுக்கு "மெட்ராஸ் மேடம்" என்று பேர் வைத்திருந்தாள். மகிழ் அதற்குக் கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது ஒட்டாவிட்டால் இனி எப்போதும் இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் சென்னைக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் காலையில் அவளே தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு, "வா, புள்ளைங்கள அந்த மிட்டாய்க் கடைக்கு இட்டுனு போலாம்" என்றாள்.

கடையில் கூட்டம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் மகனிடம் ஜாடி ஜாடியாகக் காட்டி, "டேய், இதெல்லாம் அப்பா உன் வயசுல சாப்ட்டதுடா" என்று குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சாக்லேட் எங்கப்பா இருக்குது?" என்று கேட்டான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு தகர டப்பாவும் சின்னக் கரண்டியும் தந்தார்கள். வேண்டியதை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். மகிழ் இந்த ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள், ஹரிணி அந்த ஓரத்திலிருந்து. நடுவில் சந்தித்தபோது இருவரும் அவரவர் டப்பாவை மறுபக்கமாக மாற்றிப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள்.

நான் ஒரு கமர்கட்டை வாயில் போட்டேன். நிறம், மணம், கடினம் எல்லாம் சரி. ஆனாலும் ஏதோ இல்லை.

"வெல்லம் மாத்திட்டாங்களோ?" என்றேன்.

"உப்பு இல்லடி. இப்டி எடு," என்று அக்கா இன்னொன்றைத் தன் துப்பட்டா ஓரத்தில் சுற்றிக் கடித்தாள். அதே 'டொக்'. துணியை விரித்து எனக்கு ஒரு பாதி தந்தாள். வாயில் வைத்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். துணி துவைக்கும்போது ஊற்றும் வாசனைத் தண்ணீரின் ரோஜா மணம். அக்கா வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து பல வருடங்கள் ஆகின்றன. அவள் அளத்தில் இறங்கியும் பல வருடங்கள் ஆகின்றன.

"சோப்பு தின்ன மாதிரி இருக்குது, தூ," என்றாள். பிறகு உள்ளங்கையில் துப்பிய தன் பாதியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இப்பவும் பெருசு எனக்குத்தான் வந்திருக்குது."

"அப்பல்லாம் எனக்குத்தான பெரிசு குடுப்ப?"

"யாரு சொன்னா? கடிக்கிறவளுக்குத்தான்டி பெரிசு. துணி மடிப்புலியே ஒரு துண்டு நிறுத்திக்குவேன். உனக்கு இன்னா தெரியும், என் வாயையே பாத்துனு இருப்ப."

இத்தனை வருடம் நான் பத்திரமாக வைத்திருந்த ஒன்று இப்படிப் போனதற்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தபோது, கடையின் மரப் பெஞ்சில் இரு முனைகளில் உட்கார்ந்து, மடியில் நிறைந்த டப்பாவோடு இரண்டு பிள்ளைகளும் தனித்தனியே தின்றுகொண்டிருந்தார்கள். ஏமாற்றுவதற்குக்கூட அவர்களுக்குள் ஒன்றும் இல்லை. இந்தக் கடை எங்கள் காலத்து மிட்டாய் அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்திருந்தது. போதாமையை மட்டும் கொண்டுவர அதனால் முடியவில்லை. அப்படிப்பட்ட ஒன்றை யார் விலைக்கு வாங்குவார்கள்?

கிளம்பும்போது வாசலில் ஒரு பெண் கம்பில் சுற்றிய ஜவ்வு மிட்டாயை இழுத்துக் கடிகாரமும் மோதிரமும் செய்து தந்துகொண்டிருந்தாள். ரோஜா நிறத்தில் அது நீண்டுகொண்டே வருவதைப் பார்த்ததும் மகிழ், ஹரிணி இருவருமே டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினார்கள். கம்பில் மீதியிருந்தது ஒருவருக்குத்தான் ஆகும். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "உள்ள புதுசு பிசைஞ்சு வச்சிருக்குதுக்கா, எடுத்துனு வரட்டுமா?" என்றாள். நான் பையைத் திறந்தேன்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "வேணாம்மா. ஒண்ணு போதும்," என்றாள் அந்தப் பெண்ணிடம்.

"அக்கா, ரெண்டும் அழும்."

"அழட்டும். நீ சும்மா இரு."

மிட்டாய் ஒரே கட்டியாக, இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் வந்தது. ஹரிணி முதலில் பிடித்தாள். மகிழ் மறு முனையைப் பிடித்தாள்.

"நான்தான் ஃபர்ஸ்ட் பாத்தேன்!"

"எங்க ஊரு கடை. மெட்ராஸ் மேடம் கைய எடு."

"அப்ப கடிச்சுக் குடு."

"கடிச்சா எச்சி. நீ ச்சீன்னு சொல்வ."

முந்தைய நாள் ஹரிணி நீட்டிய பாதி மாம்பழத்துக்கு மகிழ் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அவளுடைய முகம் கோணியது. காக்காக் கடியைச் சொல்லிக்கொடுக்கலாமா என்று நான் வாயெடுப்பதற்குள் அக்கா முறைத்தாள்.

யார் முதலில் இழுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மிட்டாய் நீண்டது. இருவரும் ஓரடி பின்னால் போனார்கள். அது இன்னும் நீண்டது. அழப்போன முகம் அப்படியே நின்று, மகிழின் கண்கள் விரிந்தன. ஹரிணி, "ஏய், விடாத, விடாத!" என்று கத்திக்கொண்டு கார்கள் நிற்கும் மணலில் பின்னோக்கி நடந்தாள். "நீ விடாத!" என்று இவள் மறுபக்கம் நடந்தாள். நடுவில் ரோஜா நிறக் கயிறு மெலிந்து, தொய்ந்து, கடல் காற்றில் ஆடியது. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, "ரோடு வரி வசூலா பாப்பா?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். கயிறு மணலைத் தொட்டபோது அறுந்தது. இருவரும் ஓடிவந்து, மணல் ஒட்டிய தங்கள் முனைகளை அளந்து பார்த்துக்கொண்டார்கள். கழுவித் தருகிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை. என் மகள் மணலோடு தின்றாள்.

மிட்டாய்க் கையோடு இருவரும் காரின் பின்சீட்டில் ஒன்றாக ஏறினார்கள். அறுந்தது யாரால் என்று அப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

நாங்கள் விளையாடிய அளத்து வரப்பு இப்போது முள்வேலிக்குள் இருக்கிறது. டீக்கடை இருந்த இடத்தில் சாலை அகன்றுவிட்டது. உப்பில் விறைத்த பாவாடையை இனி யாரும் உடுத்தப் போவதில்லை, அது நல்லதுதான். மஸ்கட் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் மகிழ் என் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறாள். சமையலறைக்குள் இருந்தே எனக்கு இரண்டு குரல்களும் கேட்கும்.

"நீதான விட்ட."

"போடி, நீதான் விட்ட. நான் கெட்டியா புடிச்சுனு இருந்தேன்."